சைட் திறக்கவில்லை, கையெழுத்து விழவில்லை, தமிழ் தெரியவில்லை: பிரவுசர் கோளாறுகளுக்கு அறிகுறிவாரியாக வழி

மதுரையில் இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம், வக்கீல் குமாஸ்தாவின் மேசை, கீழமாசி வீதி மொத்தக்கடை என்று எங்கே கணினி பார்க்கப் போனாலும் புகார் ஒரே வரியில்தான் வரும்: “சைட் திறக்க மாட்டேன் என்கிறது.” அக்கம்பக்கத்தில் அதற்குக் கிடைக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். இன்னொரு பிரவுசரை இறக்கு, சிவப்புப் பக்கம் வந்தால் ‘ப்ரொசீட்’ கொடு, ஆன்டிவைரஸை அணைத்துவிடு. அன்றைய வேலை நடந்துவிடும். மறுநாள் அதே கணினியில்தான் கடையின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

நான் கடைப்பிடிக்கிற விதி இது: ஒரு தளம் தொந்தரவு கொடுத்தால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் வழி செய்ய வேண்டும், கணினி முழுவதற்கும் இருக்கிற காவலைத் தளர்த்தக் கூடாது. டீஃபால்ட் பிரவுசராக இருக்க வேண்டியது, தவறாமல் அப்டேட் வாங்குகிற ஒன்று. அதில் ஓடாத தளத்துக்காக இரண்டாவது பிரவுசர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பலவும் அங்கேதான் வேர் விட்டிருக்கின்றன.

“உங்கள் பிரவுசர் பழையது என்று செய்தி வருகிறது”

பிரவுசரின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, ‘ஹெல்ப்’, பிறகு ‘அபவுட்’ என்று போங்கள். அங்கே பதிப்பு எண் தெரியும். குரோம், எட்ஜ் இரண்டிலும் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அப்டேட் தேடத் தொடங்கிவிடும். முடிந்ததும் ‘ரீலாஞ்ச்’ கொடுத்தால் போதும். மாதக்கணக்கில் மூடாமல் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் கடைகளில், இறங்கிய அப்டேட் இந்த ரீலாஞ்சுக்காகவே காத்துக்கிடக்கும்.

பதிப்பு எண் 109 என்று காட்டி அதற்கு மேல் நகரவே இல்லையென்றால், குறை பிரவுசரில் இல்லை; கணினியில் இருப்பது விண்டோஸ் 7 அல்லது 8.1. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது, 8.1க்கு 2023 ஜனவரி 10. அடுத்த மாதமே வந்த குரோம் 110க்கு விண்டோஸ் 10 கட்டாயமானது. எட்ஜும் பழைய விண்டோஸில் 109உடன் நின்றுவிட்டது. இந்தக் கணினிகளில் குரோமை எத்தனை முறை நீக்கி மறுபடி போட்டாலும் அதே 109தான் வந்து உட்காரும்.

அப்படிப்பட்ட கணினிக்கு, பயர்பாக்ஸ் பிரவுசரைத் தருகிற மோசில்லா ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பயர்பாக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பை விண்டோஸ் 7, 8, 8.1க்காகப் பலமுறை நீட்டித்தது. பாடம் படிக்க, செய்தி பார்க்க, தேர்வு முடிவு பார்க்க அது உதவும். பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. பிரவுசர் புதிதானாலும் அதன் அடியில் இருக்கும் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கின்றன.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டு உபயோகக் கணினியைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றும் விண்டோஸ் 10இல் தொடர்ந்து ஓடுகின்றன. ஆகவே இப்போதைக்குப் பதற்றம் வேண்டாம், ஆனால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய இரண்டாம் கை கணினியை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் நிறுவினால் நான்கு ஜிபி ராம் உள்ள பெட்டியிலும் பயர்பாக்ஸ் நன்றாகவே ஓடும், அப்டேட்டும் வரும். பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு இது நல்ல வழி. கைரேகைக் கருவியும், டிஜிட்டல் கையெழுத்தைச் சேமித்துவைக்கும் யுஎஸ்பி கருவியான டிஎஸ்சி டோக்கனும் வைத்துத் தொழில் செய்கிற மையத்துக்கு இது சரிப்படாது. அந்தக் கருவிகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை நம்பித்தான் எழுதப்படுகின்றன.

செல்போனிலும் இதே கதைதான். குரோம் 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களில் குரோம் 138உடன் நின்றுவிடும். அவற்றில் பயர்பாக்ஸை டீஃபால்ட்டாக வைத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியவர்கள் கையில் இருக்கும் பழைய போன்களில் யுசி பிரவுசரை இன்னும் பார்க்கலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அது ஒன்று. தடைக்குப் பிறகு பிளே ஸ்டோரிலிருந்து போய்விட்டதால் அதற்கு அப்டேட்டும் இல்லை. முதல் வேலையாக நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று: தளத்தை ஏமாற்றுவதற்காகப் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்கிற நீட்சிகளை (பிரவுசரோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை)ச் சிலர் போட்டுத் தருகிறார்கள். எச்சரிக்கை மறையும், ஓட்டை அப்படியே இருக்கும். அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்வது நியாயமில்லை.

“சிவப்புப் பக்கம் வந்து உள்ளே விடவில்லை”

‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று வருகிற பக்கம். கீழே சிறிய எழுத்தில் ஒரு பிழைக் குறி இருக்கும். யாருமே அதைப் படிப்பதில்லை. நோய் என்னவென்று எழுதியிருப்பதே அங்கேதான்.

குறியில் ‘டேட் இன்வேலிட்’ என்று இருந்தால், முதலில் திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால், நேரம் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம் என்று காட்டினால் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய வில்லை மாதிரி வெள்ளியாக மின்னும். அது தீர்ந்துபோனால், மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகும். தளங்கள் தங்கள் அடையாளத்துக்காக பிரவுசரிடம் காட்டும் சான்றிதழ்கள் எல்லாமே ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று செல்லுபடியாகிறவை. கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் மறுக்கிறது. பேட்டரியை மாற்றி, செட்டிங்ஸில் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்தால் அத்தனை தளமும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். மின்தடை அதிகமுள்ள பகுதிகளில், யுபிஎஸ் இல்லாத கடைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இதற்காக விண்டோஸையே மறுபடி நிறுவிக் கட்டணம் வாங்கியவர்களும் உண்டு.

குறியில் ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்று இருந்தால் விஷயம் வேறு. சான்றிதழைக் கொடுத்தவரை உங்கள் பிரவுசர் நம்பவில்லை. சான்றிதழ் விவரத்தைத் திறந்து, வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது உங்கள் இணைப்பை நடுவில் பிரித்துப் பார்க்கிறது. உரிமம் முடிந்தோ பாதி நீக்கப்பட்டோ கிடக்கும் ஆன்டிவைரஸ் செய்கிற சேட்டை அது. முழுமையாக நீக்கிவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரை விட்டுவைத்தால் தீரும். பொது வைஃபையில் மட்டும் இந்தப் பிழை வந்தால், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் ஒழுங்காகத் திறந்தால் அந்த வைஃபையில் வேலையே பார்க்காதீர்கள்.

சில அரசுசார் தளங்கள் ஒரு பிரவுசரில் திறந்து இன்னொன்றில் சிவப்புப் பக்கம் காட்டுவதற்கு வரலாறு ஒன்று உண்டு. 2014 ஜூலையில், இந்தியாவில் சான்றிதழ் வழங்குவோரை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான சிசிஏவின் மூலச் சான்றிதழின் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) கீழ் இயங்கிய, என்ஐசி என்ற அரசுக் கணினி நிறுவனத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து, கூகுளின் முகவரிகளுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. குரோம் அதன்பின் சிசிஏவின் நம்பகத்தைச் சில இந்திய முகவரிகளுக்குள் மட்டும் சுருக்கியது. பயர்பாக்ஸின் நம்பிக்கைப் பட்டியலில் சிசிஏ மூலச் சான்றிதழ் இல்லை. அதனால் அந்த வழியில் சான்றிதழ் வாங்கிய தளம் ஏதேனும் இருந்தால் பயர்பாக்ஸ் மறுக்கும். இப்போது அரசுத் தளங்கள் பெரும்பாலும் உலகம் ஏற்கிற சான்றிதழ்களையே வைத்திருப்பதால் இது அரிதாகிவிட்டது. ‘இந்த ரூட் சர்டிபிகேட்டை இறக்கி நிறுவுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை மட்டும் தொடாதீர்கள். மூலச் சான்றிதழ் ஒன்றைக் கணினியில் ஏற்றுவது, அதை வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயரில் வேண்டுமானாலும் உங்களிடம் வந்து நிற்க இடம் கொடுப்பதாகும்.

‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் அந்தத் தளத்தின் சர்வர் காலாவதியானது. டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய குறியாக்க முறைகளைப் பிரவுசர்கள் 2020இலேயே கைவிட்டுவிட்டன. உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை. தளத்தை நடத்துபவருக்கு எழுதிப் போடுங்கள்.

“தளம் திறக்கிறது, கையெழுத்தோ கைரேகையோ மட்டும் விழவில்லை”

தொழில் செய்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஜிஎஸ்டி தாக்கல் கடைசி நாளன்று ஆடிட்டர் அலுவலகங்களில் இருந்து வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை. எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது.

முன்பு பிரவுசருக்குள்ளேயே ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரல் ஓடி, டோக்கனைப் படித்துக் கையெழுத்திடும். குரோம் 2015இலும் பயர்பாக்ஸ் 2017இலும் அந்த வாசலை மூடிவிட்டன. மூடியது சரிதான், அதன் வழியாக நுழைந்த நச்சு நிரல்களுக்குக் கணக்கில்லை. இப்போது உங்கள் கணினியிலேயே ஒரு சிறிய மென்பொருள் பின்னணியில் ஓடுகிறது. பிரவுசரில் இருக்கும் தளம், 127.0.0.1 என்ற உள்முகவரி வழியாக அதைக் கூப்பிட்டு, ‘இதில் கையெழுத்துப் போடு’ என்கிறது. ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர் என்ற கையெழுத்து மென்பொருள் 1585 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், காத்திருக்கும். ஆதார் கைரேகைக் கருவிகளின் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்களில் காத்திருக்கும். தளம், உள்மென்பொருள், டோக்கன் ஆகிய மூன்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது ‘ஃபெயில்டு டு எஸ்டாப்ளிஷ் கனெக்‌ஷன்’ மாதிரி ஒரே செய்திதான்.

எனவே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டோக்கனைச் செருகி, அதன் சொந்த மென்பொருளைத் திறந்து, சான்றிதழ் தெரிகிறதா, தேதி முடியவில்லையா என்று பாருங்கள். அங்கேயே தெரியவில்லையென்றால் பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரைவரை நிறுவுங்கள், முன்பக்கத்துத் தளர்ந்த யுஎஸ்பி துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையில் செருகுங்கள். தெரிந்தால் அடுத்த கண்ணி. கடிகாரத்துக்குப் பக்கத்தில், மறைந்திருக்கும் ஐகான்களுக்குள் எம்சைனரோ ஆர்டி சர்வீஸோ ஓடுகிறதா? இல்லையென்றால் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் தொடங்குங்கள்.

அதுவும் ஓடுகிறது, இன்னும் இணையவில்லை என்றால்தான் பிரவுசர் பக்கம் வர வேண்டும். எம்சைனர் விஷயத்தில், முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1:1585 என்று அடியுங்கள். சிவப்புப் பக்கம் வரும். இந்த ஒரு இடத்தில் ‘அட்வான்ஸ்டு’, ‘ப்ரொசீட்’ கொடுக்கலாம். ஏனென்றால் 127.0.0.1 என்பது உங்கள் கணினியேதான். சான்றிதழைத் தனக்குத்தானே எழுதிக்கொண்ட உள்மென்பொருளைத்தான் ஏற்கிறீர்கள், வெளியாள் எவரையும் இல்லை. வேறெந்த முகவரிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

2025 அக்டோபர் இறுதியில் வந்த குரோம் 142 முதல் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஒரு தளம் உங்கள் உள்முகவரியைத் தொட முயன்றால், ‘லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடி இணைக்க அனுமதிக்கலாமா’ என்று பிரவுசர் கேட்கிறது. அவசரத்தில் ‘பிளாக்’ கொடுத்துவிட்டால் மறுபடி கேட்காது. நேற்று வரை விழுந்த கைரேகை இன்றைக்கு விழாது. திருமங்கலத்தில் ஒரு மையத்தில் கைரேகைக் கருவியே பழுது என்று புதிதாக வாங்கவிருந்தார்கள். “அண்ணே, பொறுங்கள்” என்று சொல்லி, முகவரிக்கு இடதுபக்கம் உள்ள சிறு ஐகானைத் தட்டி, சைட் செட்டிங்ஸில் லோக்கல் நெட்வொர்க் வரியை ‘அலோ’ என்று மாற்றியதும் பழைய கருவியின் விளக்கு எரிந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டு பிரவுசர் செய்வது நல்ல காரியம். சம்பந்தமில்லாத தளங்கள் உங்கள் வீட்டு ரவுட்டரை, பிரிண்டரைத் துழாவுவதை அது தடுக்கிறது. ஆகவே மொத்தமாக அணைத்துவிடாமல், தெரிந்த அரசுத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

“இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும் என்கிறார்கள்”

எக்ஸ்ப்ளோரர் 11இன் ஆதரவு 2022 ஜூன் 15 அன்று முடிந்தது. 2023 பிப்ரவரி 14 அன்று வந்த எட்ஜ் அப்டேட், விண்டோஸ் 10 கணினிகளில் அதை நிரந்தரமாக முடக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரியே தளத்தைத் திறக்கிற ஐஇ மோட் எட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது.

எட்ஜ் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரவுசர்’ பகுதிக்குப் போய், எக்ஸ்ப்ளோரர் மோடில் தளங்களை மறுபடி திறக்க ‘அலோ’ கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு தேவையான பக்கத்தின் முகவரியை அங்கேயே கீழே உள்ள பட்டியலில் சேருங்கள். சேர்த்த முகவரி 30 நாள் மட்டும் இருக்கும். மாதம் ஒருமுறை ‘மறுபடி கெட்டுப்போச்சு’ என்று வருகிற புகாருக்குக் காரணம் அந்தக் கெடுதான். திரும்பச் சேர்த்தால் போதும். பழைய எக்ஸ்ப்ளோரரைத் தனியாக இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் தளங்களை நம்ப வேண்டாம்.

“தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது”

கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ எழுத்துரு உள்ளேயே இருப்பதால் இது இப்போது குறைவு. லதா, விஜயா எழுத்துருக்களைக் கேட்கும் பழைய கோப்புகளுக்கு விண்டோஸ் 10, 11இல் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டமாக இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குழம்பி வந்தால் பிரவுசருக்கு அதில் பங்கில்லை. அது பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்தது. டிடிபி சென்டரில் பாமினியில் அடித்த மனுவை அப்படியே நகலெடுத்து ஆன்லைன் விண்ணப்பத்தில் ஒட்டுகிறார்கள். பெட்டியில் குப்பை விழுகிறது, விண்ணப்பமும் அப்படியே போய்விடுகிறது. அலுவலகத்தில் அதைத் திறப்பவருக்கு என்ன புரியும்? என்எச்எம் கன்வெர்ட்டரிலோ அழகியிலோ யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். 2010இலேயே தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் புதிய தட்டச்சர்களுக்குப் பாமினியையே சொல்லிக்கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விண்டோஸ் 11இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளடங்கியே வருகிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள்.

“எதைத் தட்டினாலும் வேறு பிரவுசரில் திறக்கிறது”

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய், வேண்டிய பிரவுசரைத் தட்டி மேலே உள்ள ‘செட் டீஃபால்ட்’ பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் அதே இடத்தில் ‘வெப் பிரவுசர்’ என்ற வரி இருக்கும். பிடிஎஃப் கோப்புக்கான டீஃபால்ட் தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவின் தேடலும் விட்ஜெட்டும் நீங்கள் எதை வைத்திருந்தாலும் எட்ஜில்தான் திறக்கும். அது கோளாறு இல்லை.

போனில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவை தமக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரைத் திறக்கின்றன. நீங்கள் சேமித்த கடவுச்சொல், நீட்சி எதுவும் அதில் இருக்காது. பணம் கட்டும்போது பாதியில் நிற்பதும் உண்டு. மூன்று புள்ளியைத் தட்டி ‘ஓப்பன் இன் பிரவுசர்’ கொடுத்து வெளியே வந்த பிறகே எதையும் நிரப்புங்கள்.

“தேடினால் ஏதோ ஒரு பக்கம் வருகிறது; மூலையில் வைரஸ் எச்சரிக்கை குதிக்கிறது”

மூலையில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் வைரஸே இல்லை. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ கொடுக்கவும்’ என்று கேட்ட ஏதோவொரு தளத்துக்கு யாரோ நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சைட் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸைத் திறந்து, ‘அலோ’ பட்டியலில் தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அந்த எச்சரிக்கையில் இருக்கும் போன் எண்ணைக் கூப்பிடவே கூடாது.

தேடுபொறி மாறியிருந்தால் முதலில் நீட்சிகளைப் பாருங்கள். நீங்கள் போடாததை நீக்குங்கள். அதற்குப் பிறகும் திறந்தவுடன் அதே பக்கம் வந்தால், டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானை வலது தட்டு தட்டி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போங்கள். ‘டார்கெட்’ பெட்டியில் உள்ள வரி பிரவுசர் கோப்பின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின் ஒரு இடைவெளி விட்டு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அதுதான் களை. பெட்டி சிறியது என்பதால் அம்புக்குறி விசையை அழுத்திக் கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும்; கண்ணுக்குத் தெரிகிற பகுதி சுத்தமாகவே இருக்கும். டாஸ்க்பாரில் பின் செய்த ஐகானுக்கும் இதையே செய்யுங்கள்.

சொந்தக் கணினியில், மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று தெரிந்தால் ஏதோ ஒரு மென்பொருள் கொள்கை விதித்திருக்கிறது. ஆன்டிவைரஸாக இருக்கலாம், திருட்டு மென்பொருளோடு வந்ததாகவும் இருக்கலாம். கிராக் செய்த மென்பொருள்கள் உள்ள கணினியில் இதைப் பார்த்தால் முழுக்கத் துடைத்து மறுபடி நிறுவுவதே என் வழக்கம்.

“வங்கிப் பக்கம் பாதியில் நிற்கிறது”

பாப்-அப் தடுக்கப்பட்டிருக்கும், முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிறு ஐகான் தெரியும். அந்த வங்கிக்கு மட்டும் அனுமதியுங்கள். விளம்பரத் தடுப்பு நீட்சியை அந்தத் தளத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதைவிட முக்கியம் முகவரி. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பதிவுசெய்ய வங்கிகளுக்கு மட்டுமே முடியும். தேடலில் முதலில் வருவதைத் தட்டாமல், முகவரி அப்படி முடிகிறதா என்று பார்த்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு முன் 1930ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

“சான்றிதழ் பிடிஎஃபில் கேள்விக்குறி நிற்கிறது”

இ-ஆதார் போன்றவற்றில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைப் பிரவுசர்களின் பிடிஎஃப் காட்டி பெரும்பாலும் சரிபார்ப்பதில்லை. அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் வலது தட்டு தட்டி, ‘வேலிடேட்’ கொடுத்துச் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்த்தால் கேள்விக்குறி பச்சை டிக் ஆகும். பிரவுசரை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

“சரி, எதைத்தான் டீஃபால்ட்டாக வைப்பது?”

இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம் என்றால் குரோம். கருவி விற்பவர்களும் தளம் செய்பவர்களும் முதலில் சோதிப்பது அதில்தான். பக்கத்தில் எட்ஜ் எப்படியும் இருக்கும், ஐஇ மோடுக்காக. வீட்டுக்கு நான் வைத்துத் தருவது பயர்பாக்ஸ். யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி முழு வலிமையோடு அதில் ஓடுகிறது, குரோம் பழைய நீட்சி முறையைக் கைவிட்டதால் அங்கே அதன் இளைத்த வடிவம்தான் கிடைக்கிறது. போலி விளம்பரத்தைத் தட்டி ஏமாறுவதுதான் வீடுகளில் பெரிய ஆபத்து என்பதால் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. குரோமில் ஓடாத தளத்தை பிரேவில் திறந்து பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவராது. பயர்பாக்ஸில் திறந்து பார்த்தால் தளத்தின் கோளாறா, பிரவுசரின் கோளாறா என்பது தெரிந்துவிடும். ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே இருப்பது ஆப்பிளின் வெப்கிட் என்ற அடித்தளம் என்பதால் அங்கே இந்தச் சோதனைக்கும் இடமில்லை.

ஸோஹோவின் உலா பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2023 மே மாதம் வந்தது. அதுவும் குரோமியம் வகைதான். மத்திய மின்னணு அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் ஸோஹோ 2025இல் முதல் பரிசு பெற்றது. சிசிஏ மூலச் சான்றிதழை உள்ளடக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. விளம்பரத் தடுப்பும் வேலைக்கும் வீட்டுக்கும் தனித்தனி முறைகளும் அதில் உண்டு. வீட்டு உபயோகத்துக்குத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். டோக்கனும் கைரேகையும் வைத்துத் தொழில் செய்பவர்கள் உங்கள் கருவிகளோடு ஒத்துப்போகிறதா என்று வேலை குறைந்த ஒரு நாளில் பார்த்துவிட்டு மாறுங்கள். தாக்கல் கடைசி நாளில் வேண்டாம்.

“முந்தைய ஆளின் கணக்கு திறந்தே கிடக்கிறது”

பொதுமக்கள் வந்து உட்காரும் கணினிகளில் மட்டும் வருவது. குரோமோ எட்ஜோ, வாடிக்கையாளருக்கு ‘கெஸ்ட்’ ஜன்னலைத் திறந்து கொடுங்கள். மேலே மூலையில் உள்ள முகப்படத்தைத் தட்டினால் அது கிடைக்கும். மூடியதும் குக்கி, வரலாறு, உள்நுழைவு எல்லாம் போய்விடும். மையத்தின் சொந்தப் ப்ரொஃபைலில் ‘கடவுச்சொல் சேமிக்கவா’ என்று கேட்பதை அணைத்துவையுங்கள்.

கெஸ்ட் ஜன்னல் ஒன்றை மட்டும் அழிப்பதில்லை: இறக்கிய கோப்புகள். ஒரு மையத்தில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தால், அந்தத் தெருவின் ஆதாரும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் வரிசையாகக் கிடக்கின்றன. கடையைப் பூட்டும் முன் அந்தக் கோப்புறையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்துங்கள். டெலிட் மட்டும் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னில் அப்படியே இருக்கும்.